கூட்டினால் ஒன்று

"பெரிய மனுசங்களோட விளையாடப் போனா, முதல்ல..." என்று அப்பா ஏதோ சொல்வார். மீதி டிரைவர் சவரிமுத்துவுக்கு மறந்துவிட்டது. அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்றைக்குப் பொழுது தாண்டாது என்று காலையில் தம்பி போன் செய்தான். லீவு கிடைக்கவில்லை. முதலாளி தனபாலன் குடும்பத்தோடு கொடைக்கானல் கிளம்பியிருந்தார்.

வழியெல்லாம் பின்சீட்டில், எதிரே வரும் வண்டிகளின் நம்பரில் உள்ள நாலு இலக்கத்தையும் ஒரே தரம் கூட்டிச் சொல்லும் விளையாட்டு. திருச்சி நெருங்கியதும் சவரிமுத்து மறுபடி லீவு கேட்டான்.

"கூட்டினா ஒண்ணு வர்ற வண்டியைக் காட்டுப்பா. இங்கேயே இறங்கிக்க, மாப்பிள்ளை ஓட்டுவார்," என்றார் முதலாளி. பின்சீட்டில் ஒரே சிரிப்பு.

சவரிமுத்து ஓரங்கட்டினான். "இந்த வண்டிதாங்க ஐயா. நம்பர் 0001. ஆசைப்பட்டு இந்த நம்பரை ஏலத்துல எடுத்தீங்க. தினமும் நான்தான் துடைக்கிறேன்."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முதலாளியின் முகம் சிவந்தது.

"நாம உட்கார்ந்திருக்கிற வண்டி ஆட்டத்துல சேராது. எடு. இறங்கினா வேலை கிடையாது."

சவரிமுத்து கதவைத் திறந்து இறங்கினான்.

"இப்ப நான் இதுல உட்காரலைங்க ஐயா."

சாவியைச் சீட்டில் வைத்துவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தான்.