கடலில் விழுந்த சிவப்புப் புள்ளி

கருவேலம்பட்டினம் ஹாம் ரேடியோ சங்கத்தில் மொத்தம் மூன்று உறுப்பினர்கள். மூன்று பேருக்கும் பொதுவில் ஒரே மூளை, அது இன்றைக்கு யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் தினம் கூட்டம் போடுகிறார்கள் என்று மீன் மார்க்கெட்டில் பேசிக்கொள்வார்கள். ஆனால் புயல் அடித்துச் செல்போன் கோபுரம் ஊமையாகிவிட்டால், வெளியூருக்குச் செய்தி சொல்ல அவர்களுடைய வயர்லெஸ் பெட்டியை விட்டால் வேறு நாதி இல்லை. அதனால் ஊராட்சி அலுவலக மாடியில் ஓர் அறையை அவர்களுக்கு விட்டிருந்தார்கள்.

செயலாளர் மாசிலாமணிக்கு அந்த அறைதான் உயிர். தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் அவர் பெயர் "இங்க பாருங்க" என்று ஆகிவிட்டது. மாடிப்படி ஏறினால் மட்டும்தான் "செயலாளரே" என்று கூப்பிட இரண்டு பேர் இருந்தார்கள்.

அந்த அறைக்கு ஆபத்து வந்தது. புதிதாக வந்த தாசில்தார் அம்மா மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மழைக்காலம் வருது. உங்க நிலையம் எங்கே இருக்குன்னு கம்ப்யூட்டர் வரைபடத்துல காட்டணும். வெள்ளிக்கிழமை வருவேன். காட்டினா அறை உங்களுக்கு, இல்லேன்னா மணல் மூட்டைக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாசிலாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை. தூத்துக்குடியில் எபனேசர் என்று விவரம் தெரிந்த ஹாம் நண்பர் ஒருவர் உண்டு. அவரை ரேடியோவில் பிடித்தார்.

"உங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ் இருக்குல்ல? அதுல போட ஒரு மேப் மென்பொருள் இருக்கு. இலவசம். ஒளிவு மறைவே கிடையாது, யார் வேணும்னாலும் திறந்து பார்த்துக்கலாம், ஆயிரம் பேர் பார்த்துச் சரி பண்ணியிருக்காங்க. ஓவர்" என்றார் எபனேசர். தன் பேச்சு முடிந்தது, இனி எதிராளி பேசலாம் என்பதற்கு அடையாளமாக ரேடியோக்காரர்கள் கடைசியில் ஓவர் சொல்வது வழக்கம்.

பக்கத்தில் இருந்த உறுப்பினர் மளிகைக்கடை காசிம் பாய் உடனே திருப்புளியை எடுத்துக் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார். உள்ளே தூசியும் செத்த பல்லி ஒன்றும் இருந்தன.

"மறைவு இல்லைன்னாரே. பல்லி ஒளிஞ்சிருக்கே" என்றார் மூன்றாவது உறுப்பினரான டெய்லர் மரியசூசை.

"உயிரோட இருந்தாத்தான் ஒளியறது. இது சும்மா கிடக்குது" என்றார் காசிம் பாய்.

இது நியாயமாகப் பட்டதால் மூடிவிட்டார்கள்.

அடுத்து எபனேசர் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்ல, மாசிலாமணி கட்டளையைத் தட்டினார். கம்ப்யூட்டர் கடவுச்சொல் கேட்டது.

"கடவுச்சொல்லை யாரும் பார்க்கக்கூடாது. ஜாக்கிரதை. ஓவர்."

காசிம் பாய் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மரியசூசை தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாசிலாமணி தானும் ஓர் ஆள்தானே என்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தட்டினார். தப்பு என்றது. இன்னொரு தடவை தட்டினார். மறுபடி தப்பு. கடைசியில் கண்ணைத் திறந்து தட்டியபோது திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை.

"நாம பார்த்துடுவோம்னு அதுவே மறைச்சுக்குது. மானமுள்ள மிஷின்" என்றார் மரியசூசை.

கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட கம்ப்யூட்டர், 'ஓவர்' என்ற பெயரில் ஒரு மென்பொருளும் கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. மாசிலாமணி கட்டளையின் கடைசியில் ஓவரையும் சேர்த்துத் தட்டியிருந்தார்.

எபனேசருக்குச் சொன்னார்கள். அவர், "அந்த ஓவரை எடுத்துடுங்க. ஓவர்" என்றார்.

மூவரும் யோசனையில் ஆழ்ந்தார்கள்.

"ஒரு ஓவரை எடுக்கச் சொல்றார். கையோட ஒரு ஓவரைக் கொடுத்துட்டாரே" என்றார் காசிம் பாய்.

"அப்ப எடுத்துட்டுத் திரும்பப் போடணும்" என்று மாசிலாமணி தீர்ப்புச் சொன்னார்.

எடுத்தார்கள், போட்டார்கள். சாயங்காலம்வரை இது நடந்தது. எபனேசர் கடைசியில் ரேடியோவை அணைத்துவிட்டுச் செல்போனில் கூப்பிட்டார். போனில் ஓவர் கிடையாது. மென்பொருள் இறங்க ஆரம்பித்தது.

"முடியறவரைக்கும் கம்ப்யூட்டரை எதுவும் தொடக்கூடாது" என்றார்.

"மேசை தொட்டுக்கிட்டிருக்கே?" என்றார் காசிம் பாய்.

"மேசை முன்னாடியே தொட்டுட்டது. புதுசாத் தொடறதைத்தான் சொல்றார்" என்றார் மாசிலாமணி. இப்படிப்பட்ட நுட்பங்களுக்காகத்தான் அவரைச் செயலாளராக வைத்திருந்தார்கள்.

வரைபடம் வந்தது. நிலையம் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கேட்டது. எபனேசர் சொல்லிச் சீட்டில் எழுதிவைத்த கணக்குப்படி ஒன்று 11.03, இன்னொன்று 79.85.

காசிம் பாய் முகம் சுளித்தார். "தாசில்தார் பார்க்கிற எடத்துல புள்ளி வெச்சு சில்லறை போடறதா? கேவலமா இருக்கும். முழுசாப் போடுங்க, செயலாளரே."

பதினொன்று, எண்பது என்று போட்டார்கள். சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றியது. கரையை விட்டு வெகுதூரம் தள்ளி, நடுக்கடலில்.

மாசிலாமணி எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தார். கீழே டீக்கடை இருந்தது.

"நாம இங்கேதானே இருக்கோம்?"

"நமக்கு அப்படித் தோணுது" என்றார் மரியசூசை. "இதை ஆயிரம் பேர் திறந்து பார்த்துச் சரி பண்ணியிருக்காங்க. நாம மூணு பேர். ஆயிரம் பேர் சொல்றது தப்பாகுமா?"

"அறையைக் கடலுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதே. வெள்ளிக்கிழமை அந்தம்மா வந்துடும்" என்றார் மாசிலாமணி.

"ஆளைக் கொண்டுபோகலாமே" என்றார் காசிம் பாய். அன்றைக்கு மூளை அவரிடம் இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மரியசூசை கையில் வாக்கிடாக்கியோடு மச்சான் சவரிமுத்துவின் ஃபைபர் படகில் ஏறினார். சவரிமுத்துவிடம் மீன் கிடைக்கும் இடத்தைக் குறித்துவைக்கும் ஜிபிஎஸ் கருவி இருந்தது. அது பதினொன்று, எண்பது காட்டிய இடத்தில் நங்கூரம் போட்டார்கள்.

தாசில்தார் அம்மா வந்தார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்ன செயலாளர், நிலையம் கடல்ல இருக்கு?"

"ஆமாம்மா. ஆள் இருக்கு, பேசுங்க" என்று மாசிலாமணி பெருமையோடு மைக்கை நீட்டினார்.

"வணக்கம்மா. நிலையத்திலேருந்து மரியசூசை பேசறேன். இங்கே எல்லாம் சரியா இருக்கு. லேசா வாந்தி மட்டும் வருது. ஓவர்."

தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்புறம் மேசையில் கிடந்த கணக்குச் சீட்டைப் பார்த்து, தன் கையாலேயே 11.03, 79.85 என்று திருத்தினார். புள்ளி நழுவிவந்து ஊராட்சி அலுவலகத்தின் மேல் உட்கார்ந்தது.

"இந்தப் புள்ளி இருக்கிற எடத்துலதான் நீங்க இருக்கீங்க. வேற எங்கேயும் கிடையாது. புரிஞ்சுதா? அறையை நீங்களே வெச்சுக்குங்க" என்று சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு படி இறங்கினார்.

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல செய்தியை உடனே கடலுக்குச் சொன்னார்.

"மரியசூசை, அறை நமக்கே. புள்ளி கரைக்கு வந்துட்டது. ஓவர்."

"சந்தோஷம் செயலாளரே. அப்ப இங்கே யார் இருக்கா?"

மாசிலாமணி திரையில் தேடினார். கடல் நீலமாகத் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. "அங்கே யாரும் இல்லை, மரியசூசை."

"நல்லாப் பாருங்க. பக்கத்துல சவரிமுத்துவும் இருக்கானே."

"அவர் முன்னாடியும் படத்துல இல்லை. அவருக்கு நஷ்டம் ஒண்ணும் இல்லை. உங்க விஷயம்தான் கவலையா இருக்கு. தாசில்தாரே சொல்லிட்டாங்க, நீங்க இங்கேதான் இருக்கீங்களாம்."

"அப்ப அங்கே இருக்கேனா?"

காசிம் பாய் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவுக்குப் பின்னால் கை விட்டுத் துழாவினார். மாசிலாமணி மாடிப்படிவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து மைக்கைப் பிடித்தார்.

"இங்கேயும் இல்லையேப்பா."

"செயலாளரே," என்றார் மரியசூசை. "நான் எங்கேயும் இல்லைன்னு என் பொண்டாட்டிகிட்ட நீங்க யாரும் போய்ச் சொல்லிடாதீங்க. அவ தாங்க மாட்டா. சாயங்காலம் நானே போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிறேன்."