பூலுடையார் வாசலிலிருந்து விசிறிய கதை

கரைகாத்த ஈசர் கோயிலுக்கு எதிரே உள்ள பெரிய குளத்தில் வாத்து மேய்த்து வாழ்ந்தவர் பூலுடையார் என்னும் அடியார். விடியும் முன்பே குளத்தில் இறங்குவார். இடுப்பளவு நீரில் நின்றபடி கோபுரத்தைக் கும்பிடுவார். மேலெல்லாம் சேற்று நாற்றம் என்பதால் கோயில் வாசற்படியை அவர் தாண்டியதே இல்லை. அவர் தாண்டினால் வாத்துகளும் தாண்டும் என்பது வேறு விஷயம்.

வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துகள் இமயத்தைக் கடந்து அந்தக் குளத்துக்கு ஆண்டுதோறும் வரும். அவை இறங்கினால் குளிரும் பின்னாலேயே வந்துவிடும். அன்று முதல் ஈசருக்கு வெந்நீர் அபிஷேகம், கம்பளிப் போர்வை. முதலில் கண்டு வந்து சொல்பவருக்குச் சுவாமி சூடிய மாலை. அது எந்த ஆண்டும் பூலுடையார் கழுத்துக்கே போயிற்று. அவருக்கோ அந்தப் பறவைகள் மேல்தான் பொறாமை. "கயிலைக்கு மேல பறந்து வந்திருக்கும். எட்டிப் பாக்காமலா இருந்திருக்கும்?" என்று பெருமூச்சு விடுவார்.

கோயிலுக்கு மாலை கட்டுபவர் குற்றாலலிங்கம். "நாள் முச்சூடும் விரல் நோவக் கட்டுதது நான். விழுதது வாத்துக்காரன் கழுத்துலயா?" என்று வீட்டில் புலம்புவார்.

"அம்புட்டு ஆசைன்னா நீரும் குளத்துல போய் நில்லும்," என்றார் மனைவி.

போய் நின்றார். அட்டை கடித்தது. கடித்த இடம் ஆறியது, பொறாமை ஆறவில்லை.

அந்த ஐப்பசியில் மழை பொய்த்து வெயில் கொளுத்தியது. குற்றாலலிங்கம் பக்கத்து ஊரில் ஒரு வெள்ளை நாட்டு வாத்தை வாங்கினார். விளக்குக் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்து அதன் தலையில் இரண்டு பட்டை போட்டார். குளத்து நடுவில் விட்டுவிட்டு, "வந்துட்டு! வந்துட்டு!" என்று கோயிலுக்கு ஓடினார். பூசை செய்யும் பட்டர் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கை வைத்துப் பார்த்தார். பட்டை தெரிந்தது. மணி அடித்தது, ஈசர் மேல் கம்பளி ஏறியது, மாலை குற்றாலலிங்கம் கழுத்துக்கு வந்தது.

பூலுடையார் பதறி ஓடிவந்தார். "சாமி, அது நாட்டு வாத்துல்லா! நீச்சலப் பாருங்க. வீட்டுக்குப் போற நீச்சல்."

"ஓய், மாலை கைமாறிட்டுன்னு வயிறு எரியுதோ?" என்றார் குற்றாலலிங்கம். "பொறாமை மட்டும் கூடாதுவே!"

ஊர் சிரித்தது. பூலுடையார் மாலைக்காக வருந்தவில்லை. இந்த வெயிலில் கம்பளிக்குள் ஈசர் என்ன பாடுபடுவார் என்றே வருந்தினார். ஒரு பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கருவறையைப் பார்த்து வீசத் தொடங்கினார்.

"இங்கேருந்து வீசுனா உள்ள போயிருமாக்கும்?" என்று கேலி செய்தார்கள்.

"போற வரைக்கும் வீசுதேன்."

இடையிடையே உறங்கினார். கை உறங்கவில்லை.

ஒரு நண்பகலில் பட்டர் கம்பளியை விலக்கியவர் அலறிவிட்டார். கல்லால் ஆன சிவலிங்கத்தின் மேல் உச்சி முதல் அடி வரை வேர்க்குரு! பட்டருக்குத் தூரப்பார்வைதான் மட்டு. கிட்டத்தில் கடுகைக்கூட எண்ணிவிடுவார். ஆகவே சந்தேகத்துக்கு இடமில்லை. அவர் திகைத்து நிற்கும்போதே விளக்குச் சுடர் சாய்ந்தது. சேற்று நாற்றத்தோடு ஒரு குளிர்ந்த காற்று வந்து ஈசர் மேல் பட்டது. பட்ட இடமெல்லாம் வேர்க்குரு அடங்கியது.

பட்டர் அந்தக் காற்றை எதிர்கொண்டு நடந்தார். மண்டபம் தாண்டி, கொடிமரம் தாண்டி வாசலுக்கு வந்தார். அங்கே பூலுடையார் கண்மூடி வீசிக்கொண்டிருந்தார்.

"உள்ள வாரும்," என்று பட்டர் கைகூப்பினார். "ஈசருக்கு உம்ம காத்து எட்டிட்டு."

"வாத்துகளும் கூட வருமே சாமி."

"வரட்டும்."

வாசலில் நின்று கேட்ட குற்றாலலிங்கம், வாடியும் விடாமல் போட்டிருந்த மாலையைக் கழற்றி அடியார் காலில் வைத்து விழுந்தார். "பட்டை போட்டது நான்தான்வே. பொறுத்துக்கிடும்."

"நல்லாத்தான் போட்டிருந்தீரு," என்று பூலுடையார் அவரைத் தூக்கிவிட்டார். "கை கடுக்கு. இந்தாரும், நான் உள்ள போய்க் கும்பிட்டு வார வரைக்கும் நீரு வீசும்."

குற்றாலலிங்கம் வீசினார். சுடர் அசையவில்லை. அவன் வீசினால் அசையும், நான் வீசினால் அசையாதோ என்று மறுபடியும் வயிறு எரிந்தது. எரிய எரிய வேகமாக வீசினார். கடைசியில் சுடர் இம்மியளவு சாய்ந்ததை உள்ளே நின்ற பூலுடையார் கண்டார். "எட்டிட்டுவே, எட்டிட்டு!" என்று அங்கிருந்தே கூவினார்.

பொறாமை வீசிய காற்றையும் ஏற்றுக்கொண்டான் ஈசன். அதற்காகத் தம் காற்றை நிறுத்தி இடம் விட்டவர் பூலுடையார். சேறு காயாத அந்தப் பாதங்கள் நம் தலைமேல் இருக்கட்டும்.