இடது கையில் டீ

செல்மா டீச்சரிடம் ஜாஸ் பியானோ கற்க வந்தவர்களிலேயே வயதானவர் பெலிக்ஸ். டீச்சரைவிடவே மூத்தவர். ஹோட்டல் வரவேற்பறையில் காலமெல்லாம் தன்னந்தனியாக வாசித்துத் தலை நரைத்த மனுஷன். இப்போதுதான் முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். சனிக்கிழமை அதை மேடையில் வாசிக்க வேண்டும்.

ஒத்திகையின் பாதியிலேயே இருதயராஜ் நிறுத்திவிட்டார். ஆளுயர டபுள் பேஸ் என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர் அவர்.

"நான் வாசிக்கவேண்டிய கீழ் ஸ்வரமெல்லாம் இவரோட இடது கையே வாசிச்சிடுது டீச்சர். நான் எதுக்கு, சும்மா நிக்கவா? சனிக்கிழமை என்னை விட்டுடுங்க."

வாத்தியத்துக்கு உறை மாட்டத் தொடங்கினார்.

பெலிக்ஸுக்கு முகம் செத்துவிட்டது. பேஸுக்கும் சேர்த்து எழுதிய பாட்டு அது; பேஸ் இல்லாவிட்டால் சனிக்கிழமை மேடையும் இல்லை.

"இடது கை நின்னா பாட்டே விழுந்துடுமே டீச்சர்! நான் என்ன பண்ணுவேன்?"

டீச்சர் பிளாஸ்கைத் திறந்து ஒரு கப்பில் தளும்பத் தளும்ப டீ ஊற்றி நீட்டினார்.

"இடது கையில பிடிங்க. இப்ப வாசிங்க."

"ஒத்தைக் கையாலயா? விளையாடறீங்களா?"

"என் பியானோல ஒரு சொட்டு சிந்துச்சு, தொலைச்சுடுவேன்! இருதயம், ஒரே ஒரு தடவை. அப்புறம் நீங்க போகலாம்."

இருதயராஜ் முணுமுணுத்துக்கொண்டே உறையைக் கழற்றினார்.

பெலிக்ஸ் வலது கையால் மெட்டைத் தொடங்கினார். அடியில் ஒன்றுமே இல்லை. ஐயோ என்றிருந்தது. டீயையும் கட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போது பேஸ் உள்ளே வந்தது. மெட்டைத் தாங்கிப் பிடித்தது. பிறகு, எழுதும்போது பெலிக்ஸ் நினைத்தே பார்க்காத ஒரு பக்கமாக அதைத் திருப்பியது. அவரும் சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போனார்.

முடித்தபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அடேங்கப்பா! இது என் பாட்டா?"

இருதயராஜ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சனிக்கிழமை எத்தனை மணிக்கு வரணும் டீச்சர்?"

பெலிக்ஸ் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாழாப்போன கை! இதைக் கட்டிப்போட்டாத்தான் சரிப்படும்."

"திட்டாதீங்க," என்றார் டீச்சர். "துணைக்கு ஆளில்லாம இத்தனை வருஷம் எல்லாத்தையும் தூக்கின கை அது. தூக்க இன்னொருத்தர் வந்தாச்சுன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல. நீங்க சொல்லுங்க."