நகர்ந்துகொண்டே போன குடை

தேங்காய்க்கு இன்னும் குடுமி முளைக்காத காலம். ஆவரம்பட்டணத்தைக் கோதண்டபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கட்டிப்பிடிப்பான், மத்தியானம் நாடு கடத்துவான், அப்படியொரு மனசு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கோட்டை மைதானத்தில் குடை நடுவார்கள். குளக்கரையோரம், எதையும் மாற்ற வேண்டும் என்கிற புதுவழக்குக்காரர்களின் குடை. நடு மைதானத்தில், நாவல் மரத்தருகே, பழையதே போதும் என்கிற பழவழக்குக்காரர்களின் குடை. அவர்களுக்குத் தலைவர் சேந்தனார். உச்சிப்பொழுதில் எந்தக் குடையின் கீழ் அதிகம் பேரோ, அந்த மாதம் அந்தக் குடைக்காரர் கேட்டதுதான் சட்டம். சேந்தனாரின் குடையைச் சுமப்பவன் மாசிலான். நாலு பேர் தூக்க வேண்டிய குடை. ஒற்றை ஆளாகத் தூக்குவான்.

பல வருஷமாகச் சேந்தனாருக்கே வெற்றி. "அந்தியில் கோட்டைக் கதவைச் சாத்துங்கள்" என்பதற்கு மேல் அவரும் எதுவும் கேட்டதில்லை. அப்புறம்தான் உருமன் வந்தான். பெரிய தொண்டைக்காரன். கதவுப்பக்கம் புதுக்குடை நட்டு, "வெளியூரானை உள்ளேயே விடாதே" என்று முழங்கினான். சேந்தனாரின் ஆட்களில் நாற்பது பேர் அங்கே போய் நின்றுவிட்டார்கள்.

சேந்தனார் மாசிலானைக் கூப்பிட்டார். "மாசிலா, குடையை அவன் பக்கம் பத்தடி தள்ளி நடு."

"இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு வெயிலடிக்குமே, ஐயா."

"அடிக்கட்டும். அவர்கள் எங்கே போய்விடுவார்கள்? குளக்கரைக்காரன் மூஞ்சியில் முழிக்கவே பிடிக்காது. ஓரத்தில் நிற்கிறவன்தான்டா ஓடிப்போவான்."

மாதாமாதம் பத்தடி. உருமன் சொன்னதை அடுத்த பௌர்ணமிக்குச் சேந்தனார் சொல்வார். அதற்குள் உருமன் இன்னும் தள்ளிப் போயிருப்பான். கடைசியில், வெளியூரில் பிறந்தவர்கள் அத்தனை பேரையும் துரத்த வேண்டும் என்று சேந்தனாரே கேட்கப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. மாசிலானின் பெண்டாட்டி பூவந்தி ஆற்றுக்கு அக்கரையில் பிறந்தவள்.

"என்னைத் துரத்துற குடையை நீதானே தூக்கிட்டுப் போகப்போறே?" என்றாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

மறுநாள் சபையில் ராஜா கேட்டான்: "சேந்தனாரே, என் அப்பா காலத்தில் உங்கள் குடை மரத்தடியில் இருந்தது. இப்போது கதவை முட்டுகிறதே, ஏன்?"

"மக்கள் நகர்கிறார்கள், மகாராஜா. நானும் நகர்கிறேன்."

பின்னால் நின்ற மாசிலானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாரடா சிரித்தது?"

"நான்தான், மகாராஜா. ஐயா பார்ப்பது மக்களை இல்லை, எட்ட நிற்கிற குடையை. அதன் கீழே ஆள் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க மாட்டார்."

"குடை தூக்குகிறவனுக்கு இவ்வளவு வாயா?" என்றார் சேந்தனார்.

ராஜாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "பௌர்ணமியன்று நிரூபி. நிரூபித்தால் கேட்டது கிடைக்கும். தவறினால் நீயும் உன் பெண்டாட்டியோடு வெளியே போ."

பௌர்ணமியும் வந்தது. பூவந்தி விடியற்காலையிலேயே கோட்டைக் கதவுக்கு வெளியே ஒரு பெரிய தாழங்குடையை நட்டு, சிவப்புத் துணி சுற்றிவிட்டு வந்தாள்.

உச்சிப்பொழுது நெருங்கும்போது சேந்தனார் அதைக் கண்டார். "மாசிலா, அது யார் குடை?"

"தெரியலையே, ஐயா. உருமனையும் தாண்டி நட்டிருக்கிறது."

"எத்தனை பேர்?"

"எனக்குக் கண் கூசுகிறது. நீங்களே பாருங்களேன்."

"பார்க்க நேரமில்லை. தூக்கு."

குடை உருமனைத் தாண்டியது. "ஐயா, என்னையும் தாண்டியா?" என்று அவன் வாயைப் பிளந்தான்.

"உன்னிடம் காரம் போதாதப்பா" என்று சொல்லிக்கொண்டே சேந்தனார் கதவைக் கடந்தார். வெயிலில் விடப்பட்டவர்கள் கொஞ்ச நேரம் தலையில் துண்டைப் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பாதிப் பேர் சாப்பிட வீட்டுக்குப் போனார்கள்; மீதிப் பேர் முனகிக்கொண்டே குளக்கரைக் குடைக்கடியில் ஒதுங்கினார்கள்.

வெளியே தாழங்குடையின் கீழே ஒரு வெள்ளாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது முரசு கொட்டியது.

கோட்டை மேலிருந்து ராஜா எட்டிப் பார்த்தான். "சேந்தனாரே, ஆடு என்ன சொல்கிறது? உங்கள் பக்கம் வருமா?"

அன்று குளக்கரைக் குடைக்குத்தான் வெற்றி. துரத்தும் சட்டம் பேச்சோடு போயிற்று.

"கேள்" என்றான் ராஜா. மாசிலான் பொன் கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. "இனிமேல் ஐயாவின் குடையை ஐயாவே சுமக்கட்டும், மகாராஜா" என்றான்.

அதை நாவல் மரத்தடிக்குக் கொண்டுவந்து சேர்க்கச் சேந்தனாருக்கு மூன்று நாள் பிடித்ததாம். அதற்கப்புறம் உருமன் எவ்வளவு கத்தினாலும் அந்தக் குடை ஓரடிகூட நகரவில்லை.