இறக்கை பிடித்தவர்

கிளைடர் கிளப்பில் அன்று யாரும் பறக்கவில்லை. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. உறுப்பினர்கள் கொட்டகைக்குள் உட்கார்ந்து வடை தின்றார்கள். பறக்க முடியாத நாட்களில் அங்கே எல்லோருக்கும் பசி அதிகம்.

சென்னியப்பன் மட்டும் வாசலில் நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். அறுபதை நெருங்கிவிட்டார். பறக்கக் கற்றுத்தரும் ஆசிரியையைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு பலமுறை பறந்திருக்கிறார். தனியாக ஒருமுறைகூடப் பறந்ததில்லை.

தனியாகப் பறக்கத் தேவையான அவருடைய மருத்துவச் சான்று அன்றோடு முடிகிறது. இடது கண்ணில் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. இனிமேல் சான்று கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆசிரியை தாட்சாயணி கிளைடரின் இறக்கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் மகளைவிட வயதில் சிறியவள்.

“அம்மணி, மேக்கால வெளுக்குதுங்க.”

“ஆமாங்க.”

“அடுத்த மழைக்கு முந்தி ஒரு சந்து கெடைக்குது. ஒரு சுத்துக்கு ஆறு நிமிஷம். போயிட்டு எறங்கிருவேன்.”

“வேண்டாங்க ஐயா.”

கயிற்றால் கிளைடரை இழுத்து மேலே ஏற்றும் வின்ச் எந்திரத்தை ஓட்டும் அந்தோணிசாமி உள்ளேயிருந்து சிரித்தார். “மொதலாளி மேகத்துக்கும் ஷிப்ட் போட்டுட்டாருங்கோ!”

சென்னியப்பன் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து மறுபடி கேட்டார். அதன் பிறகும் கேட்டார். தாட்சாயணி அதே பதிலைச் சொன்னாள்.

“உங்களுக்கு இன்னும் எத்தனையோ ஞாயித்துக்கெழமை இருக்குது. எனக்கு இது ஒண்ணுதானுங்க.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை.

“வானம் நல்லாத்தான் இருக்குது. உங்களுக்குத்தான் பயம்.”

வடை தின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தாட்சாயணி துணியை மடித்து வைத்தாள்.

“வாங்க, வெளிய தள்ளலாம்.”

எல்லோரும் சேர்ந்து கிளைடரை ஈரப் புல்லுக்குத் தள்ளினார்கள். அந்தோணிசாமி மைதானத்தின் மறுகோடியில் இருந்த வின்ச்சுக்குப் போனார். சென்னியப்பன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தபோது, முன்னிருக்கையில் தாட்சாயணி உட்கார்ந்து வார்களை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அது என்ற சீட்டுங்க அம்மணி.”

“மொதல்ல நான் தனியா ஒரு சுத்து போயிட்டு வர்றேன். வானம் நல்லா இருந்தா அப்புறம் நீங்க. கயிறை மாட்டுங்க.”

மாட்டினார்.

“இறக்கையைப் பிடிங்க.”

கிளைடர் ஒற்றைச் சக்கரத்தில் நிற்பது. ஓர் இறக்கை தரையில் சாய்ந்தே கிடக்கும். வானத்தைப் பார்த்து, பறக்கலாம் என்று தோன்றினால் கீழே நிற்பவர் அதைத் தூக்கிச் சமமாகப் பிடிப்பார். அதைப் பார்த்ததும் வின்ச் இழுக்கும். அதன் பிறகு நிறுத்த முடியாது. எஞ்சின் இல்லாத வண்டி. இறங்கும்போது தவறினால் இரண்டாம் வாய்ப்பும் கிடையாது.

சென்னியப்பன் குனிந்து இறக்கை நுனியைத் தூக்கினார். முழங்கால் உயரம் வந்தது. அங்கேயே நின்றது.

மேற்கே பார்த்தார். வெளுப்பு அப்படியே இருந்தது. பிறகு வலப்பக்கம் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். தலையைத் திருப்பித் தனக்குப் பின்னாலும் பார்த்தார்.

“தூக்குங்க ஐயா.”

“இருங்க.”

“சந்து மூடிரப் போகுது.”

“இருங்கன்னு சொல்றனல்ல!”

தெற்கே கரட்டுக் குன்றின் மேல் காற்றாலைகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இருந்தவை மேற்கே பார்த்துச் சுற்றின. தொலைவில் இருந்தவை முகத்தைத் தெற்கே திருப்பியிருந்தன.

சென்னியப்பன் இறக்கையை மெல்லப் புல்லில் வைத்தார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, இழுக்க வேண்டாம் என்று வின்ச்சுக்குச் சைகை காட்டினார். பிறகு அவளிடம் வந்தார்.

“எறங்குங்க அம்மணி.”

“ஆறு நிமிஷந்தானுங்களே?”

“அந்தக் காத்தாடியப் பாருங்க. மூஞ்சியத் திருப்பிருச்சு. வேற காத்து வருது. எறங்குங்க.”

“எப்பத் திரும்புச்சு?”

“தெரியலீங்க. இப்பத்தான் பார்த்தேன்.”

அவள் வார்களைக் கழற்றினாள்.

கிளைடரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தும்போது காற்று வந்து மோதியது. தகரக் கதவை நான்கு பேர் முதுகு கொடுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னாலேயே மழை. அன்று அது விடவேயில்லை. உறுப்பினர்கள் ஒவ்வொருவராக நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

சென்னியப்பன் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவ்வளவுதானுங்க.”

“ஆமாங்க ஐயா.”

“நான் தூக்கியிருந்தா நெசமாலும் போயிருப்பீங்களா?”

“கயிறை மாட்டுனது நீங்கதானுங்களே. தூக்கியிருந்தா வின்ச் இழுத்திருக்கும்.”

அவர் எழுந்து போய் இறக்கை நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

“சின்னப் புள்ள ரெண்டு வெரல்ல தூக்கீரும் இந்த இறக்கைய. இன்னிக்கு என்ன கனம்! கை இன்னும் வலிக்குதுங்க.”

தாட்சாயணி துணியை விரித்து, இறக்கையில் சிதறியிருந்த தண்ணீரைத் துடைத்தாள்.

“காலையிலிருந்து உங்க இறக்கைய நான் பிடிச்சிட்டு நிக்கறனுங்க ஐயா.”