மூன்று தராசு, ஒரு பலகை

சிஷ்யருக்கு ஐம்பத்தாறு வயது, குருவுக்கு முப்பத்து நாலு. வேலையில் இருக்கும் பொறியாளர்களுக்காக இன்பவல்லி சனிக்கிழமைதோறும் நடத்தும் வகுப்பில் தணிகாசலம்தான் மூத்தவர். நாலைந்து பாலம் கட்டியவருக்கு இந்த வயதில் என்ன வகுப்பு என்று மற்றவர்கள் கேலி பேசினார்கள். அவரும் சிரித்து மழுப்பிவிடுவார்.

அன்று எல்லாரும் போனபிறகும் அவர் நின்றார்.

"மேடம், மூணு தூண் மேல ஒரே பீம். எந்தத் தூண் எவ்வளவு தாங்குதுன்னு கூட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியாது சார். ஆயிரம் விடை வரும். ஆயிரத்தையும் கூட்டினா சரியாத்தான் இருக்கும்."

"அப்ப எது நிஜம்?"

"தூண் மண்ணுல இறங்கியிருக்கா இல்லையான்னு தெரியணும்."

"இறங்கலைன்னு எழுதிட்டா?"

கேட்டபிறகுதான் தணிகாசலம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இன்பவல்லி ஆய்வகத்திலிருந்து மூன்று முள் தராசுகளை எடுத்து வந்து மேஜையில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றின் மேலும் நீளமாக ஒரு பலகை, அதன்மேல் செங்கல்கள்.

"முள்ளைப் படிங்க சார்."

"ரெண்டு, நாலு, ரெண்டு. மொத்தம் எட்டு கிலோ."

இன்பவல்லி நடுத்தராசின் அடியிலிருந்த நோட்டை மட்டும் மெல்ல உருவினார்.

"இப்ப?"

"மூணு, ரெண்டு, மூணு. எட்டேதான்." அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "கணக்கு இடிக்கலையே மேடம்!"

"இடிக்காது சார். நடுவுல குறைஞ்ச ரெண்டு கிலோ எங்க போச்சு?"

தணிகாசலம் ஓரத்துத் தராசுகளைப் பார்த்தார். இரண்டிலும் ஒவ்வொரு கிலோ ஏறியிருந்தது; பலகை நடுவில் முன்னைவிட அதிகமாகத் தொய்ந்திருந்தது. அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான் கடைசியாக் கட்டின பாலத்துல நடுத்தூண் பதினோரு மில்லிமீட்டர் இறங்கியிருந்துச்சு மேடம். லெவல் பார்த்தது நான்தான். திறப்பு விழாவுக்கு நாலே நாள். ரிஜிஸ்டர்ல இறக்கம் பூஜ்யம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்புறம்?"

"இப்ப பீம்ல விரிசல். கான்கிரீட் சரியில்லைன்னு சூப்பர்வைசர் ஜெபமணியை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்க. திங்கக்கிழமை விசாரணை. நேத்து போன் பண்ணினான். 'சார், நான் எங்க தப்பு பண்ணினேன்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்'னு கேக்கறான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்னு வச்சுட்டேன்."

இன்பவல்லி செங்கல்களை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தார். தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"காதும் காதும் வச்ச மாதிரி ஜாக்கி போட்டு அந்தத் தூண் மேல பீமைத் தூக்கிட்டா என்ன மேடம்? எல்லாம் பழைய நிலைக்கு வந்துடுமே."

"தூக்கலாம் சார். ரிஜிஸ்டர்ல பூஜ்யம் இறங்கின தூணுக்கு எவ்வளவு தூக்கச் சொல்றது?"