ஏழு செய்திகளும் ஒரு கடிதமும்

செய்தியாளர் இசக்கியப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருக்குத் தியானம் கற்றுக்கொடுத்த தில்லைநாயகி அம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். தென்காசிப் பக்கம் சிறிய தியானக்கூடம் ஒன்றை நடத்திவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கியப்பன் முதல் பேருந்தில் வந்து இறங்கினார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னார்.

போன மாதம் பிளஸ் ஒன் மாணவன் ஒருவன் தற்கொலை செய்துகொண்டான். அவனுக்கு ஆண்கள்மேல்தான் ஈர்ப்பு. அது தெரிந்ததிலிருந்து வகுப்பில் அவனைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள், கழிப்பறையில் வைத்து அடித்திருக்கிறார்கள். இசக்கியப்பன் ஐந்து நாள் தொடர்ந்து எழுதினார். பையனின் படம், தாயின் அழுகை எல்லாம் முதல் பக்கத்தில் வந்தன. படித்தவர்கள் மனம் கலங்கிப் பாராட்டினார்கள்.

நேற்று அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. அதை அம்மாவிடம் நீட்டினார்.

"சார், நானும் அவனை மாதிரிதான். எங்களைப் பற்றி உங்க பேப்பரில் வந்ததை எல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். மொத்தம் ஏழு பேருடைய செய்தி. ஏழு பேரும் செத்துவிட்டார்கள். எங்களில் யாருமே பெரியவனாக ஆனதில்லையா? எனக்குப் பதினாறு வயது."

பெயர் இல்லை. கைபேசி எண் மட்டும் இருந்தது.

"நான் பொய் எழுதலைம்மா," என்றார் இசக்கியப்பன். "எழுதாம விட்டா அடிச்சவங்க தப்பிச்சிருப்பாங்க. எழுதினா இப்படி ஒரு கடிதம் வருது. எது சரின்னே பிடிபடலை."

அம்மா கீரையை ஒதுக்கி வைத்தார். கடிதத்தைப் படித்ததும் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

அதை வைத்து ஒரு கட்டுரை எழுதியிருப்பதாகவும், நாளைக்கு வரும் என்றும் சொல்லி, பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பையன் உயிரோட இருக்கானா?"

"இருக்கான்மா."

"அப்போ ஏன் 'தனிமையில் தவித்தான், பயந்து வாழ்ந்தான்'னு எழுதியிருக்கீங்க?"

இசக்கியப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எல்லாமே இறந்தகாலத்தில்தான் இருந்தது. ஏன் அப்படி எழுதினோம் என்று அவருக்கே புரியவில்லை.

"அவன்கிட்ட பேசினீங்களா?"

"கட்டுரையை முடிச்சிட்டுப் பேசலாம்னு இருந்தேன்."

அம்மா தன் கைபேசியை அவர் பக்கம் நகர்த்தினார்.

அவர் எண்களை அழுத்தினார். மணி அடித்தது. "இவன்கிட்ட பேசிட்டா அப்புறம் என்னத்தம்மா எழுதுறது?" என்றார் குழப்பத்தோடு.

"எழுத ஒண்ணுமே இல்லாமப் போனா நல்லதுதானே," என்றார் அம்மா.

அதற்குள் மறுமுனையில் ஒரு குரல், "ஹலோ, யாரு?" என்றது.